வாசலைத் தாண்டாத விலை

(செஞ்சியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதியோர் நலம் பற்றிப் பேச அழைத்தார்கள். அரசு மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தெரிந்த இடத்திலிருந்து பேசுவதுதான் முறை என்பதால் மருந்து விலையை எடுத்துக்கொண்டேன். தமிழ்நாடு அரசு மருந்துக் கம்பெனிகளிடம் டெண்டர் கேட்டு, பிற மாநிலங்கள் வந்து பாடம் படித்துப் போகிற அளவுக்குக் குறைந்த விலையில் மருந்து வாங்குகிறது. ஆனால் அந்த விலை அரசு மருத்துவமனையின் வாசலோடு நின்றுவிடுகிறது. எதிர்ச்சாரியில் இருக்கும் கடையில் அதே மாத்திரைக்கு நம் ஊர்ப் பெரியவர்கள் பல மடங்கு கொடுக்கிறார்கள். அந்த விலையை வாசலுக்கு வெளியே கொண்டுவர வேண்டும் என்று கேட்கத்தான் இங்கே நிற்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அரசு மருத்துவமனைக்கு மாத்திரைகள் பெரிய டப்பாக்களில் உதிரியாக வரும். எண்ணி, தாளில் மடித்துக் கொடுப்போம். மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்தால் மாத்திரைகள் ஈரம் கோத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். ஒரு மருந்து அலமாரி முழுக்கக் குவிந்து காலாவதியாகும். அவசரமாக வேண்டிய இன்னொன்று மாதக்கணக்கில் வராது. எவ்வளவு கேட்டோம், எவ்வளவு வந்தது, என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாத சங்கதிகள்.

1994 ஜூலை 1 அன்று தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவானது. மறு ஆண்டு ஜனவரியில் கொள்முதல் தொடங்கியது. இதை உருவாக்கியதில் முதன்மையானவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர். பூர்ணலிங்கம். மாநிலத்தின் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் வேண்டிய மருந்துகளை ஒரே பட்டியலாக்கினார்கள். பட்டியலில் கம்பெனிப் பெயர் கிடையாது, மருந்தின் வேதிப்பெயர் மட்டுமே இருக்கும். டெண்டருக்கு இரண்டு உறைகள். முதல் உறையில் தொழிற்சாலை, உரிமம், தரச் சான்று, ஆண்டு விற்றுமுதல். அதில் தேறியவர்களின் இரண்டாவது உறையை மட்டும் பிரித்து விலையைப் பார்ப்பார்கள். யார் மிகக் குறைவாகக் கேட்டிருக்கிறாரோ அவருக்கு ஆர்டர். அதே விலைக்கு ஒத்துவரும் மற்றவர்களுக்கும் பங்கு உண்டு.

செஞ்சிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. நம்மூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தைக் கமிட்டி என்போம். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகள் கமிட்டி நிறைந்து வெளியேயும் அடுக்கியிருக்கும். உங்கள் லாட்டுக்குப் பல வியாபாரிகள் சீட்டில் விலை எழுதிப் போடுகிறார்கள், யார் அதிகம் எழுதுகிறாரோ அவருக்கு. வீட்டு வாசலுக்கு வந்து தரகர் கேட்கும் விலைக்கும் கமிட்டி விலைக்கும் என்ன வித்தியாசம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவப் பணிகள் கழகம் செய்வது இதைத் திருப்பிப் போட்டது. விற்பவர்கள் பலர், வாங்குபவர் ஒருவர். யார் குறைவாக எழுதுகிறாரோ அவருக்கு.

சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் மருத்துவமனைக்குப் போய்விடாது. ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்து, யாருடைய சரக்கு என்று தெரியாதபடி குறியீடு இட்டு, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறியது என்று அறிக்கை வரும்வரை அந்தப் பெட்டி கிடங்கில் தனியாக நிற்கும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போல ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். உன் பங்கு இத்தனை ரூபாய், எந்த மருந்து வேண்டுமோ அதை எடுத்துக்கொள், கழித்துக்கொள்வோம் என்றார்கள். தேவையில்லாததைத் தலையில் கட்டும் பழக்கம் அதோடு ஒழிந்தது. உதிரி மாத்திரை போய் அட்டை வந்தது. அட்டையில் தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்ற அச்சும் வந்தது. முதல் முறை அந்த அட்டைகளை அலமாரியில் அடுக்கியபோது எங்களுக்கு இருந்த பெருமையை இன்றும் சொல்லிக்கொள்வேன். கேரளம் இதே மாதிரியில் தன் கழகத்தை அமைத்தது. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 அன்று இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது இந்த முறையைத்தான் பின்பற்றியது.

விலை எப்படி இவ்வளவு இறங்குகிறது? மாத்திரையைச் செய்ய ஆகும் செலவு குறைவு, அதை விற்க ஆகும் செலவுதான் அதிகம். பிரதிநிதிகளின் சம்பளம், டாக்டருக்குக் கொடுக்கும் சாம்பிள், மாநாட்டுச் செலவு, ஸ்டாக்கிஸ்ட் பங்கு, கடைக்காரர் பங்கு, பத்துக்கு ஒன்று இலவசம் என்கிற ஸ்கீம் எல்லாம் எம்.ஆர்.பி.யில் ஏறுகின்றன. டெண்டரில் இவற்றுக்கு வேலையே இல்லை. கோடிக்கணக்கான மாத்திரைகளுக்கு ஆர்டர் உறுதி, இறக்க வேண்டிய கிடங்குகளின் பட்டியல் கையில், பணம் ஒரே இடத்திலிருந்து. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை ஒன்று கடையில் இரண்டு, மூன்று ரூபாய் என்றால், டெண்டரில் பைசாக் கணக்கு. இரண்டும் ஒரே தொழிற்சாலையில் செய்ததாகவே இருக்கலாம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, இப்படி வாங்கிய மாத்திரைகள் தன்னார்வலப் பெண்களின் கையில் ஏறி வீட்டு வாசலுக்கே போயின. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள, நடமாட முடியாத பெரியவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. அந்தத் திட்டத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

அப்படியென்றால் குறை எங்கே?

திருவண்ணாமலைச் சாலையில் ஒரு மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். வளத்திப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, தனியார் டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினார். மூன்று மருந்து, முப்பது நாளைக்கு. கடைப் பையன் கணக்குப் போட்டுத் தொகையைச் சொன்னான். “பத்து நாளைக்குக் குடு தம்பி, மல்லாட்ட (நிலக்கடலை) வித்ததும் மீதிய வாங்கிக்கறேன்” என்றார். பையன் கத்தரியை எடுத்து அட்டைகளை வெட்டினான். பேரும் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் கடையில் இருந்த துண்டோடு தங்கிவிட்டன. அந்த அம்மாவின் கைக்குப் போனவை வெறும் வெள்ளித் துண்டுகள். “ஆயா, இது காலையில, இது ராத்திரி” என்று பையன் காட்டினான். தலையாட்டினார். வெளியே வந்து பேச்சுக் கொடுத்தேன். பத்து நாள் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் இருபது நாள் வரும் என்றார். மருந்தாளுநராக இருந்த எனக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. பிரஷர் மாத்திரையை அப்படிப் போட்டால் அழுத்தம் கட்டுக்குள் நிற்காது. பக்கவாதம் வந்தால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்குமே, ஏன் போகவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. பஸ் நேரமும் ஓ.பி. நேரமும் ஒத்துவராது. வேலை நாளில் கூட வர ஆள் இல்லை, பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். மகன் ஒருமுறை தனியார் டாக்டரிடம் காட்டிவிட்டுப் போயிருப்பான், அன்றிலிருந்து அந்தச் சீட்டே வேதம். சில மருந்துகள் அரசுப் பட்டியலில் இராது. இவை ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். முதியோரை அவர்கள் நிற்கும் இடத்தில் போய்ச் சந்திக்க வேண்டுமே தவிர, நாம் நிற்கும் இடத்துக்கு வரச் சொல்லக் கூடாது.

சிட்டாக்ளிப்டின் என்ற சர்க்கரை மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூலையில் அதன் காப்புரிமை இந்தியாவில் முடிந்தது. அதுவரை ஒரு மாத்திரை நாற்பது ரூபாய் அளவில் விற்றது. முடிந்ததும் பல கம்பெனிகள் இறங்கின. அந்த ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசின் மக்கள் மருந்தகம் 50 மில்லிகிராம் பத்து மாத்திரையை 60 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. கம்பெனிப் பெயரில் விற்கும் சிட்டாக்ளிப்டின் வகைகள் 162 முதல் 258 ரூபாய் என்று அரசே அப்போது அறிவித்தது. நாளுக்கு ஒன்று என்று வையுங்கள். மாதத்துக்கு ஒரு பக்கம் 180 ரூபாய், மறு பக்கம் குறைந்தது 486 ரூபாய். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. ஒரே ஒரு மாத்திரைக்கு அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே போனால், சோற்றுக்கும் மற்ற மாத்திரைகளுக்கும் என்ன மிஞ்சும்?

அரசு சும்மா இருக்கிறதா என்றால் இல்லை. 1997 முதல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இருக்கிறது. இந்தியாவில் 1970 முதல் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைகள் உண்டு. இப்போது நடப்பில் இருப்பது 2013 ஆணை. அதற்கு முந்தைய 1995 ஆணையில், உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு அதற்குமேல் இவ்வளவு என்று விலை வைத்தார்கள். 2013இல் அதைக் கைவிட்டார்கள். சந்தையில் ஒரு சதவீதத்துக்கு மேல் விற்கும் பிராண்டுகளின் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, அதோடு சில்லறைக் கடைக்கு 16 சதவீதம் சேர்த்து, அதுவே உச்சவரம்பு என்றார்கள். அதிக விலைக்கு விற்பவர்களின் விலையும் சராசரிக்குள் வந்துவிடுகிறது. ஆகவே வரம்பு பெரிதாகக் கீழே இறங்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் விலைக்கு முத்திரை குத்துகிறது. ஆண்டுதோறும் மொத்தவிலைக் குறியீட்டுக்கு ஏற்ப உயர்த்திக்கொள்ளவும் அனுமதி உண்டு. 2022 ஏப்ரலில் 10 சதவீதத்துக்கு மேலும் 2023 ஏப்ரலில் 12 சதவீதத்துக்கு மேலும் உயர்ந்தது. பட்டியலில் இல்லாத மருந்துகளை ஆண்டுக்குப் பத்து சதவீதம் வரை ஏற்றலாம்.

அரசு மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதை 2017 பிப்ரவரியில் பார்த்தோம். இதய ஸ்டென்ட்டுகளுக்கு விலை வரம்பு வந்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று சராசரியாக ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் விற்றது, 29,600 ரூபாய்க்கு இறங்கியது. பூசாதது 7,260. அதே துணிவு தினசரி மாத்திரைகளுக்கு வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஸ்டென்ட் வைக்கும் நாள் வாழ்க்கையில் ஒருமுறை வரும். மாத்திரைச் செலவு சாகும்வரை ஒவ்வொரு மாதமும் வரும்.

உச்சவரம்பு வைப்பது வேறு, பேசி வாங்குவது வேறு. வரம்பு வைக்கும் அரசு வெளியே நின்று கோடு போடுகிறது. வாங்கும் அரசு, என் பணம் வேண்டுமா, இந்த விலைக்கு இறங்கு என்கிறது. இலங்கையில் பேராசிரியர் சேனக பிபிலே இதைத் தெளிவாகக் கண்டவர். மருந்தியல் பேராசிரியரான அவர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து தந்த அறிக்கையின்படி 1971இல் அரசு மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. தனியார் இறக்குமதிக்கு இருந்த மருந்துகளின் எண்ணிக்கையை 2,100இலிருந்து 600 அளவுக்குச் சுருக்கினார்கள். உலகளாவிய டெண்டர் விட்டு, நாட்டுக்கே ஒரே இடத்தில் வாங்கினார்கள். பிபிலே கவனித்தது அரசு மருத்துவமனையை மட்டும் அல்ல. தனியார் கடைக்குப் போகும் மருந்தும் அந்தக் கூட்டுத்தாபனம் வழியாகத்தான் போயிற்று. நாம் 1994இல் பாதியில் நிறுத்திய வேலையை அவர் அதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே முழுதாகத் தொடங்கியிருந்தார். 1977இல் கயானாவில் காலமானார். கம்பெனிகளின் எதிர்ப்பால் அந்த ஏற்பாடு பின்னர் தளர்ந்தது என்றாலும், வளரும் நாடுகள் பலவும் பாடம் கற்றது அவரிடம்தான்.

அமெரிக்காவின் கதை நேர்மாறு. முதியோர் காப்பீடான மெடிகேரில் மருந்துச் செலவைச் சேர்த்த 2003ஆம் ஆண்டுச் சட்டம், விலை பேசக் கூடாது என்று அரசின் கையைக் கட்டிப்போட்டது. 2022 ஆகஸ்டில் வந்த புதிய சட்டம்தான் அந்தக் கட்டை அவிழ்த்தது. முதலில் பத்து மருந்துகளுக்குப் பேசினார்கள், அந்த விலை 2026 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்தது. அந்தப் பத்தில் நான் சொன்ன சிட்டாக்ளிப்டினும் ஒன்று. முப்பது நாள் மருந்துக்கு 527 டாலர் பட்டியல் விலை, பேசி 113 டாலர் ஆக்கினார்கள். அங்கே பேசிக் குறைத்த விலையே நம் பணத்தில் ஒன்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். நம் மக்கள் மருந்தகத்தில் 2022இல் 100 மில்லிகிராம் மாத்திரை முப்பதும் 300 ரூபாய். விலை பேசியபோது அங்கே விற்பவர் ஏறக்குறைய ஒருவர்தான், இங்கே பலர். விற்பவர் பலராக இருந்தால் டெண்டர் போதும். ஒருவரே விற்றால் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். நமக்கு இரண்டு வேலையும் இருக்கிறது.

முதல் வேலைக்கு வருகிறேன். 2014இல் அம்மா மருந்தகங்கள் வந்தன. 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். மக்கள் மருந்தகம் 2008இலிருந்தே நாடெங்கும் உண்டு. கடைகள் இருக்கின்றன. ஆனால் டாக்டர் சீட்டில் கம்பெனிப் பெயரை எழுதியிருந்தால் அந்தக் கடைக்காரர் என்ன செய்ய முடியும்? மருந்து விதிகளில் 65(11ஏ) என்று ஒரு விதி உண்டு. அட்டவணை எச், எக்ஸ் மருந்துகளைச் சீட்டில் எழுதிய பெயரில்தான் கொடுக்க வேண்டும், உள்ளே இருப்பது அதே மருந்தாக இருந்தாலும் வேறு தயாரிப்பை மாற்றிக் கொடுக்கக் கூடாது என்கிறது அது. வளத்தி அம்மாவின் சீட்டை எடுத்துக்கொண்டு முதல்வர் மருந்தகத்துக்குப் போனாலும், அலமாரியில் மலிவான அட்டை இருந்தும், சட்டப்படி அதைக் கொடுக்க வழியில்லை. நாங்கள் படித்துப் பட்டம் வாங்கிய தொழிலே எது எதற்குச் சமம் என்று அறிவதுதான். அந்த அறிவைப் பயன்படுத்தினால் குற்றம்!

சீட்டை எழுதுபவரைத் திருத்தும் முயற்சியும் நடந்தது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், வேதிப்பெயரில்தான் எழுத வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. டாக்டர்கள் எதிர்த்தார்கள், அதே மாதத்தில் அதை நிறுத்திவைத்தார்கள். டாக்டர்களின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. மலிவு மருந்து தரமானது என்று யார் உறுதி சொல்வது என்கிறார்கள். நேர்மையான கேள்வி. அதற்கு என் விடை, மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கு. செய்பவரின் சோதனையோடு நிற்காமல் வாங்குபவரும் பேட்ச் பேட்சாகச் சோதித்து, தேறியதை மட்டும் வெளியே விடும் ஏற்பாடு சில்லறைச் சந்தையில் எந்தப் பெரிய பிராண்டுக்கும் கிடையாது. அந்தச் சோதனை அறிக்கையை இணையத்தில் போட்டு, அட்டையில் அச்சிட்ட குறியீட்டைக் கைபேசியில் காட்டினால் தெரியும்படி செய்தால் டாக்டருக்கும் நம்பிக்கை வரும், மகனுக்கும் வரும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அறுபது வயது நிரம்பியவர், தனியார் டாக்டர் சீட்டோடு வந்தாலும், கழகம் டெண்டரில் வாங்கிய மாத்திரையை, டெண்டர் விலையோடு கடை நடத்தும் செலவு மட்டும் சேர்த்து, கூட்டுறவு மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் வாங்க வழி வேண்டும். இலவசம் கேட்கவில்லை. விற்பனைக்கு அல்ல என்ற அச்சு இல்லாத தனி அட்டையில் அது வரட்டும். முழு மாதத்துக்கும் சேர்த்து, பெரிய எழுத்தில் தமிழில் காலை, இரவு என்று அச்சிட்டு, வெட்ட வேண்டிய தேவையே இல்லாத அட்டையாக வரட்டும். இதற்குக் கேட்கும் அளவு கூடினால் டெண்டர் விலை இன்னும் இறங்கும். கம்பெனிகளுக்குப் பணத்தைக் காலத்தில் கொடுக்க வேண்டும். தாமதித்தால் நல்ல கம்பெனிகள் விலகிக்கொள்ளும், பிறகு வருபவர்களின் தரம் குறையும். விலையை மட்டும் கசக்கினால் மருந்தே வராமல் போகும் என்பதை, இருப்பு இல்லை என்று நோயாளியிடம் சொல்லி நின்ற எல்லா மருந்தாளுநரும் அறிவார்கள்.

விதி 65(11ஏ) மத்திய அரசின் கையில் இருக்கிறது. அரசுச் சோதனையில் தேறிய மருந்துக்கு மட்டுமாவது, டாக்டர் கூடாது என்று தனியாகக் குறிக்காத சீட்டுகளில், மாற்றிக் கொடுக்க மருந்தாளுநருக்கு உரிமை தர வேண்டும் என்று தமிழ்நாடு கேட்க வேண்டும். நம் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானமாகவே கேட்கலாம்.

இரண்டாவது வேலை, ஒரே கம்பெனி விற்கும் காப்புரிமை மருந்துகள். முதுமையில் வரும் புற்றுநோய்க்கான மருந்துகள் பல இதில் அடங்கும். 2012 மார்ச்சில், மாதம் 2.8 லட்சம் ரூபாய் விலையிருந்த நெக்சவார் என்ற புற்றுநோய் மருந்தை 8,880 ரூபாய்க்கு விற்க, ஹைதராபாத்தின் நாட்கோ கம்பெனிக்கு, காப்புரிமை வைத்திருந்தவரின் சம்மதம் இல்லாமலே, இந்திய அரசு கட்டாய உரிமம் கொடுத்தது. அதற்குப் பிறகு ஒரு மருந்துக்குக்கூட அப்படிக் கொடுக்கவில்லை. காப்புரிமை மருந்துகளின் விலையைப் பேசித் தீர்க்க வழி காண 2007இல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அது ஆறு ஆண்டு எடுத்துக்கொண்டு 2013 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையின்படி பேச்சு தொடங்கவில்லை. மாறாக, 2019 ஜனவரியில் புதிய காப்புரிமை மருந்துகளுக்கு விற்பனைக்கு வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு விலைக் கட்டுப்பாட்டிலிருந்தே விலக்கு தந்தார்கள்.

டெல்லி பேசும்வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பணம் கட்டுகிறது. பணம் கட்டுபவருக்குப் பேரம் பேசும் உரிமை உண்டு. காப்பீடும் மருத்துவப் பணிகள் கழகமும் ஒரு மேசையில் உட்கார்ந்து, விலை உயர்ந்த பத்து மருந்துகளை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டு, இத்தனை நோயாளிகள், இத்தனை மாதங்கள், என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கம்பெனியிடம் கேட்கலாம். கேரளமும் ராஜஸ்தானும் கூட வந்தால் பேரத்தின் பலம் இன்னும் கூடும். அந்த மாநிலங்களின் கொள்முதல் கழகங்கள் நம் முறையைப் பின்பற்றி எழுந்தவை என்பதால் அவர்களைக் கூப்பிடும் உரிமையும் நமக்கு இருக்கிறது. கூப்பிட வேண்டிய துறை சென்னையில் இருக்கிறது, கேட்க வேண்டிய மனு இங்கிருந்து போகலாம். அதை எழுதித் தர நான் தயார். கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள்.